பழைய காரில் ஆல்டர்னேட்டர் கழற்றுவது: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்மரத் (ரப்பர்) தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லாரியும் பழுதுபார்த்துப் பழகியவன் நான். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறியது, நாங்களும் பட்டணத்துக்குக் குடிவந்தோம். கையில் மிஞ்சியது ஸ்பேனர் பெட்டியும் ஒரு டட்சன் 120ஒய்யும். இந்த வட்டாரத்தில் பழைய கார்களுக்குக் குறைவில்லை. தோட்டக் கிராணி (கணக்கர்) வாங்கியது, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் வாங்கியது, தோட்ட மருந்தகத்து டிரசர் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அவற்றை இப்போது பேரப்பிள்ளைகள் வெளியே எடுக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பற்றிச் சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலுக்கு வந்து அவர்கள் கேட்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிகிறது. ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். கழற்றுவது கடைசி வேலை. என்னிடம் கையில் தூக்கிக்கொண்டு வந்த ஆல்டர்னேட்டர்களில் நன்றாக இருந்தவை நிறைய. கோளாறு பெல்ட்டில் இருந்திருக்கும், இல்லாவிட்டால் துருப்பிடித்த ஒரு வயர் முனையில்.

முதலில் பொனட்டைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருந்தாலும் ஓரம் பளபளவென்று கண்ணாடிபோல் தேய்ந்திருந்தாலும் அது வழுக்கும். மழைநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். விலை மலிவானதே போதும். எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் 12.4 முதல் 12.7 வோல்ட் இருக்க வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி ஓடவிட்டால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரியில் தண்ணீர் கொதித்து வற்றும்.

இன்னொரு சோதனையும் உண்டு, அதைச் செய்பவர்கள் குறைவு. எஞ்சினும் பெரிய விளக்குகளும் ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் போல்ட்டிலும் மற்றதைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரண்ட் வழியிலேயே விரயமாகிறது. அந்த வயரைச் சுத்தம் செய்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.

பட்டறையில் எங்கள் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்று: எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ செய்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்பக்கப் பேரிங் அருகே இரும்பு ஸ்குரூடிரைவரை நீட்டுங்கள். காந்தம்போல் இழுத்தால் உள்ளே சுழலும் ரோட்டருக்குக் கரண்ட் போகிறது, அதற்குக் கரண்ட் கடத்தும் பிரஷ்ஷும் தொட்டுக்கொண்டிருக்கிறது. இழுக்காவிட்டால் பிரஷ், ரெகுலேட்டர், ஃபியூஸ், அங்கே போகும் வயர் இவற்றில் ஏதோ ஒன்று. சாவியை அப்படியே மறந்துவிடாதீர்கள், பாயிண்ட் வைத்த பழைய இக்னிஷனில் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் சூடாகிக் கெடும்.

லூக்காஸ் ஏசிஆர் வகை ஆல்டர்னேட்டர் உள்ள இங்கிலீஷ் கார் என்றால், சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். அந்தப் பல்ப் வழியாகத்தான் முதல் கரண்ட் உள்ளே போகிறது. பல்ப் ஃபியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பல்புக்காக முழு ஆல்டர்னேட்டர் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார், எஞ்சின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்கிறார் மாமா. செய்யலாமா?

மாமா, ஆல்டர்னேட்டருக்கு முன் கார்களில் சார்ஜ் கொடுத்த டைனமோ காலத்து ஆள். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆல்டர்னேட்டரில் கரண்டை ஒரே திசையில் விடும் டையோடுகள் இருக்கின்றன. பேட்டரி ஒரு பெரிய தொட்டிபோல வோல்ட்டேஜை அடக்கி வைத்திருக்கிறது. ஓடும்போது அதைத் துண்டித்தால் வோல்ட்டேஜ் ஒரே வீச்சில் எகிறும், டையோடு அந்த நொடியிலேயே போய்விடலாம். நல்ல ஆல்டர்னேட்டரைச் சோதிக்கப் போய் அங்கேயே கெடுப்பதுதான் மிச்சம். மாமாவிடம் மரியாதையாகச் சொல்லி, மீட்டரைக் காட்டுங்கள்.

காரில் வெல்டிங் செய்யும்போதும் இதே ஆபத்து உண்டு. பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயரையும் பிரித்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

என் காரில் இருப்பது டைனமோவா, ஆல்டர்னேட்டரா?

டைனமோ மெலிந்து நீண்ட உருளை, நம் பெரிய பால் டின்னை நீட்டியதுபோல் இருக்கும். பின்னால் இரண்டே முனைகள். ஆல்டர்னேட்டர் குட்டை, தொப்பை, சுற்றிலும் ஓட்டைகள், அவற்றின் வழியாக உள்ளே செம்புக் கம்பி தெரியும். மோரிஸ் மைனர் என்றால் கம்பெனியில் வந்தது டைனமோதான். இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், ஆகவே பார்த்துவிட்டே பேசுங்கள்.

கழற்றும் முறை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறு டைனமோ மாட்டினால் மட்டும் ஒரு சடங்கு உண்டு: வயர்களை இணைக்கும் முன், பேட்டரியின் எர்த் ஆகாத (கார் பாடியோடு சேராத) முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து ‘எஃப்’ முனையில் இரண்டு மூன்று முறை சட்டென்று தொட்டு எடுக்க வேண்டும். உள்ளே காந்தம் சரியான திசையில் நிற்பதற்காக. ஆல்டர்னேட்டரில் இதைச் செய்துவிடாதீர்கள்.

என்னென்ன ஸ்பேனர் வேண்டும்?

ஜப்பான் கார் என்றால் 10, 12, 14 பெரும்பாலும் போதும். ஜெர்மன் காருக்கு 13, 17 தேடுங்கள். பழைய இங்கிலீஷ் காரில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனையை உருண்டையாக்காதீர்கள். அரை அங்குலமும் 7/16 அங்குலமும் வேண்டும். பக்கத்து அளவு ‘ஏறக்குறைய’ பொருந்தும், அதுதான் தொல்லையே.

இவற்றோடு வெள்ளை டேப், பேனா, துரு இளக்கும் எண்ணெய், பித்தளைத் துண்டு அல்லது கெட்டியான மரக்கட்டை, கைபேசி.

பேட்டரியில் எந்தக் கம்பியை முதலில் கழற்றுவது?

எர்த் கம்பியை. பாடியோடு போய்ச் சேருவது எதுவோ அதுதான் எர்த். டட்சன், டொயோட்டா, புரோட்டோன் சாகா எல்லாவற்றிலும் அது மைனஸ். மோரிஸ் மைனரிலும் ஆரம்பகால மினியிலும் பிளஸ்தான் எர்த், ஆகவே நிறத்தை நம்பாமல் கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள்.

இந்த ஒரு படியை மட்டும் யாரும் தாண்டக் கூடாது. ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் சாவியைக் கேட்பதில்லை, பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. கார் அணைந்து கிடந்தாலும் அதில் உயிர் இருக்கும். ஸ்பேனரின் ஒரு முனை அந்த நட்டிலும் மறு முனை எஞ்சினிலும் பட்டால் பொறி பறக்கும், ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கையில் மோதிரம், வாட்ச், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள். என் இடது மணிக்கட்டில் வாட்ச் பட்டையின் தழும்பு இன்னும் இருக்கிறது. அவசரப்பட்டது நான்தான்.

வயர்களை மறுபடி மாட்டும்போது குழம்பாமல் இருக்க என்ன செய்வது?

கழற்றும் முன் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். அது மட்டும் போதாது, ஏனென்றால் நாற்பது வருட எண்ணெய்ப் பிசுக்கில் எல்லா வயரும் படத்தில் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதுங்கள்.

ரெகுலேட்டர் தனியாக இருக்கும் ஜப்பான் கார்களில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே எழுத்து இருக்கும். டட்சனில் ஏ, எஃப், என், இ. டொயோட்டாவில் ஏ இருக்கும் இடத்தில் பி. ஏ அல்லது பி என்பது பேட்டரிக்குப் போகும் தடித்த வயர், இ எர்த். எஃப் ரோட்டருக்குக் கரண்ட் கொடுப்பது, என் சார்ஜ் விளக்கு ரிலேவுக்குச் சேதி சொல்வது. எழுத்துமேல் அழுக்கு இருந்தால் துணியால் துடைத்துப் படித்த பிறகே தொடுங்கள்.

பிளாஸ்டிக் பிளக் இருந்தால் வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். நம் வெயிலில் அது பிஸ்கட்போல் ஆகியிருக்கும். பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டு பிளக்கின் உடம்பைப் பிடித்து ஆட்டி எடுங்கள்.

சரி, கழற்றும் வரிசையைச் சொல்லுங்கள்.

பெரும்பாலான பழைய கார்களில் ஆல்டர்னேட்டரைப் பிடித்திருப்பவை இரண்டே இடங்கள். கீழே ஒரு நீளமான போல்ட், அதுதான் கீல். மேலே வளைந்த தகட்டில் நீண்ட துளை, அதில் ஒரு சின்ன போல்ட், அதுதான் பெல்ட்டின் இறுக்கத்தைப் பிடிப்பது. சில வண்டிகளில் மேல் கீழ் மாறியிருக்கும்.

பேட்டரி எர்த், வயர்கள், அதன்பின் மேல் போல்ட்டைத் தளர்த்துங்கள், எடுக்க வேண்டாம். கீழ் போல்ட்டையும் தளர்த்துங்கள். இப்போது ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தொளதொளவென்று ஆகும், அது ஓடும் சக்கரமான புல்லியிலிருந்து எடுத்துவிடலாம். கீழ் போல்ட்டைத் தளர்த்தாமல் தள்ளப் பார்த்து, அசையவில்லை என்று கம்பி போட்டு நெம்புகிறவர்கள் உண்டு. போல்ட் நுழையும் அலுமினியக் காது ‘டக்’ என்று உடையும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

பெல்ட் வந்ததும் மேல் போல்ட்டை முழுதாக எடுங்கள். ஒரு கையால் ஆல்டர்னேட்டரைத் தாங்கிக்கொண்டு கீழ் போல்ட்டை உருவுங்கள். கனம் சில கிலோதான், ஆனால் குனிந்த நிலையில் ஒற்றைக் கையில் அது அரிசி மூட்டை. உருவும்போது எந்தப் பக்கம் எத்தனை வாஷர் விழுகிறது என்று பாருங்கள். அவை புல்லியை நேர்கோட்டில் நிறுத்துகின்றன.

நீளமான போல்ட் அசையவே இல்லை. என்ன செய்வது?

இதுதான் உண்மையான வேலை. மற்றதெல்லாம் கால் மணி நேரம், இது ஒரு நாள்.

வருடம் முழுதும் மழை, மண் சடக்கில் ஓடிய வண்டி, அடியில் செம்மண் அப்பியது. போல்ட்டுக்கும், ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே துரு ஊறி இரண்டும் ஒன்றாகிவிடும். நட்டு கழன்று வரும், போல்ட் வராது.

நாளைக் காலையில் வேலை என்றால் இன்று மாலையே எண்ணெய் விடுங்கள். இரவு படுக்கும் முன் இன்னொரு முறை. காலையில் முதலில் போல்ட்டை இறுக்கும் திசையில் லேசாக முறுக்குங்கள், ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் துரு விட்டுக்கொடுக்கும். பிறகு முன்னும் பின்னுமாக. சுழல ஆரம்பித்துவிட்டால் ஜெயித்தாயிற்று. சுழற்றிக்கொண்டே வெளியே இழுக்கலாம்.

தட்ட வேண்டியிருந்தால் நட்டை முழுதாக எடுக்காதீர்கள். போல்ட்டின் முனைக்குச் சமமாக நிறுத்தி, பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள். வெறும் சுத்தியலால் அடித்தால் முனை காளான்போல் விரிந்து, பிராக்கெட் துளைக்குள் நுழையாது. மறுபக்கம் ஆல்டர்னேட்டரின் காதுக்கு முட்டுக் கொடுப்பதையும் மறக்காதீர்கள்.

நெருப்பு காட்டலாமா என்று கேட்பார்கள். எண்ணெய் விட்டு ஊறிய இடம், பக்கத்தில் கார்பரேட்டர், பெட்ரோல் ரப்பர் குழாய். நான் செய்வதில்லை. போல்ட்டை அறுத்துவிட்டுப் புதியது போடுவது மலிவு.

இன்னொரு வகைத் தொல்லை: போல்ட் நன்றாகக் கழன்று பாதி வந்து, ரேடியேட்டரிலோ பாடியிலோ முட்டி நிற்கும். சில கார்களில் எஞ்சின் மவுண்டிங்கைத் தளர்த்தி எஞ்சினை ஒரு விரல் உயர்த்தினால்தான் வரும். மறுபடி போடும்போது இடமிருந்தால் போல்ட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து போடுங்கள், கொஞ்சம் கிரீஸும் தடவுங்கள். அடுத்து கழற்றப் போகிறவர் நீங்களாகவே இருக்கலாம்.

வோக்ஸ்வேகன் பீட்டிலும் இப்படித்தானா?

இல்லை. பீட்டிலில் டைனமோவோ ஆல்டர்னேட்டரோ, எஞ்சினைக் குளிரவைக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. விசிறிக் கூட்டைத் தூக்காமல் எடுக்க முடியாது, அதற்குக் கார்பரேட்டரும் வழிவிட வேண்டும். பெல்ட் இறுக்கமும் போல்ட்டில் இல்லை, இரண்டாகப் பிரியும் புல்லிக்கு நடுவே வைக்கும் வாஷர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. முதல் முறை என்றால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்சிடிஸ் டபிள்யூ123 வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி. அதன் போஷ் ஆல்டர்னேட்டரில் ரெகுலேட்டரும் பிரஷ்ஷும் ஒரே துண்டு, பின்னால் இரண்டு ஸ்குரூ. பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் ஆல்டர்னேட்டரைக் கழற்றாமலே மாற்றிவிடலாம், கை ஒடுங்கிய இடத்தில் நுழைந்தால்.

கழற்றியதை வயரிங் (கார் எலெக்ட்ரிக்) கடையில் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கொடுக்கும் முன் உங்கள் ஆல்டர்னேட்டரில் ஓர் அடையாளம் கீறிவிடுங்கள், படமும் எடுங்கள். ஒரு முறை நான் கொடுத்தது ஒன்று, திரும்பி வந்தது வேறொன்று. கடை முதலாளி தவுக்கே ‘எல்லாம் அதே சாமான்தான்’ என்றார். வீட்டில் வந்து பார்த்தால் காது அரை அங்குலம் தள்ளியிருக்கிறது. கடைப் பெயர் வேண்டாம், அன்றிலிருந்து ஆணியால் கீறிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

பிரஷ், பேரிங் இரண்டும்தான் பெரும்பாலும் தேய்வது, இரண்டும் மலிவான சாமான். பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பேரிங்கின் விளிம்பிலேயே எண் இருக்கும். அதே எண்ணில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடியதாக வாங்கித் தரலாம். சுத்தம் செய்கிறேன் என்று கம்பிச் சுற்றைப் பெட்ரோலில் ஊறப்போடுவதை மட்டும் தடுத்துவிடுங்கள், கம்பிமேல் இருக்கும் வார்னிஷ் கெடும்.

பொத்தோங் கடையில் (பழைய உதிரிப்பாகம் விற்கும் கடை) புது மாடல் ஆல்டர்னேட்டர், பெரிய ஆம்ப், மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

போடலாம், வயரையும் மாற்றினால். என் 120ஒய் போன்ற வண்டிகளில் ரெகுலேட்டர் வெளியே பாடியில் தனியாக இருக்கும். புதியதில் உள்ளேயே இருக்கும். இரண்டு ரெகுலேட்டரும் ஒரே நேரத்தில் வேலை செய்யக் கூடாது, பழையதின் இணைப்புகளை முறைப்படி மாற்ற வேண்டும். அடுத்தது, 35 ஆம்புக்குப் போட்ட வயரில் 70 ஆம்ப் போனால் வயர் சூடாகி உருகும். ஏர்கான் போட்டவர்களுக்குப் பெரியது தேவை. விளக்கும் வைப்பரும் மட்டும் என்றால் பழையதைச் சரிசெய்து போடுவதே என் விருப்பம்.

மறுபடி மாட்டும்போது பெல்ட் எவ்வளவு இறுக்கம்?

இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். அதிகம் இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் தண்ணீர்ப் பம்ப் பேரிங்கும் அழும். நெம்ப வேண்டியிருந்தால் புல்லிப் பக்கத்து முன்மூடியில் மட்டும் கட்டையை வைத்து நெம்புங்கள். பின்மூடிக்குள்தான் டையோடு இருக்கிறது, அதில் கை வைக்காதீர்கள்.

பேட்டரி எர்த்தை எல்லாவற்றுக்கும் கடைசியாக மாட்டுங்கள். புது பெல்ட் கொஞ்சம் நீளும், 200 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை பாருங்கள்.

வழியில் சார்ஜ் நின்றுபோனால் வீடு வந்து சேர முடியுமா?

பெல்ட் அறுந்து நின்றதா, பெல்ட் ஓடியும் சார்ஜ் இல்லையா என்று முதலில் இறங்கிப் பாருங்கள். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. அறுந்திருந்தால் ஓட்டாதீர்கள், கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் கொதித்துவிடும். பீட்டிலில் விசிறியே நின்றுவிடும்.

பெல்ட் ஓடினால் பேட்டரியில் இருப்பதை வைத்து வரலாம். ஒரு தைப்பூச இரவு ஈப்போ கல்லுமலைக் கோயிலிலிருந்து குடும்பத்தோடு திரும்பும்போது எனக்கு இப்படி ஆனது. பாதி வழியில் சிவப்பு விளக்கு. கணக்குப் போட்டேன்: 40 ஆம்ப்-அவர் பேட்டரி. இக்னிஷன் 3, 4 ஆம்ப் தின்னும், பெரிய விளக்குகள் 8, 9. பின்விளக்கு, வைப்பர் எல்லாம் சேர்ந்தால் 15-ஐத் தொடும். நல்ல பேட்டரி என்றாலும் 2 மணி நேரத்தைத் தாண்டுவது சந்தேகம். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் சுமார் 30 கிலோமீட்டர்தான். ரேடியோவை நிறுத்தினேன், காற்றாடியை நிறுத்தினேன், வழியில் எங்கும் எஞ்சினை அணைக்காமல் வந்து சேர்ந்தோம். பெரிய விளக்கை அணைத்துவிட்டு ஓட்டலாமா என்று மைத்துனர் கேட்டார். கூடாது, செம்பனை லாரி எதிரே வரும் ரோடு அது.

எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமா?

ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் பையால் கட்டி மூடிவிட்டுக் கழுவுங்கள். நான் சொல்லாமல் விட்ட ஒரு நாள், கழுவும் கடையில் பையன் நேராக அதற்குள்ளேயே பீய்ச்சிவிட்டான். மறுநாள் சிவப்பு விளக்கு. காயவைத்து, பிரஷ் சுத்தம் செய்த பிறகு சரியானது.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு வாஷர் மிச்சம் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டு, முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூன்று புல்லிகளும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஆல்டர்னேட்டர் புல்லி உள்ளேயோ வெளியேயோ தள்ளியிருந்தால் அந்த வாஷர் கீழ் போல்ட்டுக்கு உரியது. பெல்ட்டின் ஓரம் ஒரு வாரத்தில் நாராக உரிந்துவிடும்.

நேராக இருந்தால், காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவுங்கள். சில ஆல்டர்னேட்டர்களில் பின்காதில் நகரும் புஷ் (குழாய்போன்ற உறை) ஒன்று இருக்கும், போல்ட்டை இறுக்கும்போது அதுவே நகர்ந்து இடைவெளியை அடைக்கும். துருவில் அது சிக்கியிருந்தால் காது வளைந்து விரிசல் விடும். இடைவெளி இருந்தால் எர்த்தைக் கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். இந்த முறை போல்ட் சுலபமாக வரும்.